பனிமலை ஏறும் முன்

நுழையும்முன்

மலைநாட்டில் பிறந்து வளர்ந்தவர்க்கும் மலையேற்றம் எளிதன்று. வழிகாட்டியுடன் குழுவாகப் பனிமலை ஏறச் செல்வோரின் ஆயத்தப் பணிகள் புறப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. அவற்றை இப்பாடம் விளக்குகிறது. நம் எல்லையோரத்து மீசைப்புலிமலையில் தொடங்கி, ரஷ்ய நாட்டின் பனி மூடிய எரிமலையான எல்பிரஸ் வரை சென்று வருவோம்.

பாடம்

மார்கழி, தை மாதங்களில் மூணாற்றை அடுத்த செண்டுவாரை, லட்சுமி, சொக்கநாடு ஆகிய தேயிலைத் தோட்டங்களில் விடியற்காலையில் கதவைத் திறந்து வெளியே வருபவர்கள், எதிரே உள்ள புல்வெளி வெள்ளை விரித்தாற்போலக் கிடப்பதைக் காண்பர். "இரவு பனி கொட்டியிருக்கிறது" என்று பெரியவர்கள் கூறுவர். உண்மையில் அது வானிலிருந்து கொட்டியதன்று. மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை இழந்து குளிர்கிறது. காற்றிலுள்ள நீராவி அந்தக் குளிர்ந்த புல்லின்மேல் பனிக்கட்டித் துகள்களாகப் படிகிறது. இதற்கு உறைபனி என்று பெயர். வெயில் ஏறியதும் வெண்மை மறைந்துவிடும். ஆனால், உறைபனி பட்ட தேயிலைக் கொழுந்து கருகி நிற்கும். தோட்டத்து வீடுகளில் வளர்ந்த மாணவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இமயமலையிலும் பிற உயர்ந்த மலைகளிலும் பஞ்சுபோல் விழுவது வெண்பனி. விடியலில் இலைநுனியில் தொங்குவது பனித்துளி. பள்ளத்தாக்கை நிறைத்து, பத்தடி தொலைவில் வருபவர் முகத்தையும் மறைப்பது மூடுபனி. இந்த நான்கையும் தமிழ் 'பனி' என்னும் ஒரு சொல்லுக்குள் வைத்து, அடைமொழிகளால் பிரித்துக் காட்டுகிறது. ஆண்டின் ஆறு பெரும்பொழுதுகளில் இரண்டு முன்பனி, பின்பனி எனப் பனியின் பெயரையே பெற்றுள்ளன. அவற்றுள் முன்பனி, கூதிரோடு சேர்ந்து, மலையும் மலைசார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்கு உரியதாகத் தொல்காப்பியத்தில் கூறப்படுகிறது.

மலையேறுபவர்க்கு இச்சொற்களின் வேறுபாடு மிகவும் பயன்படுவது. பனித்துளி படிந்த புல்லில் நடந்தால் காலுறை நனையும். உறைபனி படிந்த பாறை வழுக்கும். மூடுபனியில் வழி தவறும். வெண்பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைச் சுட்டுப் பார்வையையே சிறிது காலம் மறைக்கும். ஒவ்வொன்றையும் எதிர்கொள்ளும் முறை வேறு.

இரு மலைகள்

மீசைப்புலிமலை 2640 மீட்டர் உயரமுள்ளது. இடுக்கி மாவட்டத்துக்கும் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்துக்கும் இடைப்பட்ட மலைத்தொடரில் இது நிற்கிறது. இதன் உச்சிக்குச் செல்ல விரும்புவோர் கேரள வனவளர்ச்சிக் கழகத்திடம் முன்பதிவு செய்து, கழகத்தின் வழிகாட்டியுடன் குழுவாகச் செல்லுதல் வேண்டும். செல்லும் வழியில் ரோடோ பள்ளத்தாக்கு உள்ளது. மலையாளத்தில் காட்டுப்பூவரசு எனப்படும் சிவந்த மலர் மரங்கள் அங்கே மிகுதி. அருகிலுள்ள ஆனைமுடி 2695 மீட்டர் உயரத்துடன் மேற்குத்தொடர்ச்சி மலையின் மிக உயர்ந்த சிகரமாக விளங்குகிறது. அது இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால், வனத்துறையின் அனுமதியின்றி அதன்மேல் ஏற இயலாது.

எல்பிரஸ் 5642 மீட்டர் உயரமுள்ளது. ரஷ்யாவின் தெற்கு எல்லையில், காக்கசஸ் மலைத்தொடரில், ஆண்டு முழுதும் பனி போர்த்து நிற்கும் இரட்டைச் சிகர எரிமலை அது. இறுதியாக அது வெடித்தது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு என்பர். நம் சங்கப் புலவர்கள் குறிஞ்சி பாடிக்கொண்டிருந்த காலத்தை ஒட்டியது எனக் கொள்ளலாம். நம் ஆனைமலை, ஏலமலைப் பகுதிகள் எரிமலையால் ஆனவை அல்ல. மிகத் தொன்மையான கடும்பாறைகளால் ஆனவை. இந்தியாவில் இன்றும் உயிர்ப்புடன் இருக்கும் ஒரே எரிமலை அந்தமான் கடலிலுள்ள பேரன் தீவு. அதன்மேல் பனி இல்லை.

பாலக்காட்டில் இருக்கும் மாணவர் ஒருவர் இம்மலைகளின் குளிரைக் கணக்கிட்டே அறியலாம். உயரம் 1000 மீட்டர் கூடுந்தோறும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறைகிறது. பாலக்காடு நகரம் கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. அங்கே நண்பகலில் 34 பாகை வெயில் காயும்போது, மீசைப்புலிமலை உச்சியில் 17 அல்லது 18 பாகை இருக்கும். அதே கணக்கை இன்னும் 3000 மீட்டர் மேலே கொண்டுசென்றால் நீர் உறையும் நிலைக்குக் கீழே போய்விடுகிறது. எல்பிரஸ் நிலநடுக்கோட்டிலிருந்து மிகத் தொலைவில் வடக்கே இருப்பதால், அங்கு உண்மைக் குளிர் இக்கணக்கினும் மிகுதி. போதாக்குறைக்குக் காற்று. பாலக்காட்டுக் கணவாயின் காற்றில் மிதிவண்டி ஓட்டியவர்களுக்குக் காற்றின் வலிமை தெரியும். உயர்ந்து நிற்கும் எரிமலையின்மேல் அதைத் தடுக்க எதுவும் இல்லை.

மூச்சுக்கும் கணக்கு உண்டு. காற்றில் உயிர்வளியின் விகிதம் எங்கும் ஒன்றே. ஆயினும் மேலே செல்லச் செல்லக் காற்றே அடர்த்தி குறைகிறது. மீசைப்புலிமலை உச்சியில் ஒரு மூச்சில் கிடைக்கும் உயிர்வளி, கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. எல்பிரஸ் உச்சியில் அது பாதியே. எவ்வளவு வலிமை உடையவரும் இதிலிருந்து தப்ப இயலாது. உடல் தன்னை மெல்லப் பழக்கிக்கொள்ளும்; அதற்கு நாள்கள் வேண்டும். ஆகவே எல்பிரஸ் செல்லும் குழுவினர் ஒரேயடியாக உச்சிக்குப் போவதில்லை. 3800 மீட்டர் உயரத்தில் உள்ள குடில்களில் தங்கி, பகலில் 4700 மீட்டர் அளவிலுள்ள பாறைகள் வரை ஏறி, மாலையில் மீண்டும் குடிலுக்கே இறங்கி உறங்குவர். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இது வீண் நடையாகத் தோன்றும். உண்மையில் உச்சிக்கான வழி அந்த ஏற்ற இறக்கத்தில்தான் உருவாகிறது.

ஒரு மாணவியின் ஆயத்தம்

மாலாவத் பூர்ணா என்னும் பெண்ணின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். தெலங்கானாவின் நிசாமாபாத் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் உழவுக் கூலிகளின் மகளாகப் பிறந்தவர். சமூகநலத் துறை நடத்திய உறைவிடப் பள்ளியில் படித்தவர். 2014 மே 25 அன்று, பதினான்கு அகவை நிறைவதற்கு முன்பே, எவரெஸ்ட் சிகரத்தை அடைந்தார். 2017இல் எல்பிரஸ் மலையிலும் ஏறினார்.

செய்தித்தாள்கள் அவர் உச்சியில் கொடியுடன் நின்ற படத்தையே மீண்டும் மீண்டும் வெளியிட்டன. எனக்கு அதனினும் வியப்பைத் தருவது அதற்கு முந்தைய மாதங்கள். முதலில் போங்கீர் என்னும் ஊரிலுள்ள ஒற்றைப் பெரும்பாறையில் ஏறப் பயிற்சி. நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் அதில் பங்குபெற்றனர். தேறிய சிலர் டார்ஜிலிங் சென்று மலையேற்றப் பள்ளியில் பயின்றனர். அவர்களுள்ளும் சிலர் குளிர்காலத்து லடாக்கில் உறைகுளிரைத் தாங்கப் பழகினர். இறுதியில் எவரெஸ்ட் சென்றவர் இருவரே: பூர்ணாவும், அவருடைய தோழர் ஆனந்த் குமாரும். கடலில் இருந்து தொலைவிலுள்ள வெப்பமான சமவெளியில் வளர்ந்த மாணவி ஒருத்தி, முதலில் பாறையையும், அடுத்து உயரத்தையும், அதன்பின் குளிரையும் தனித்தனியே பழகினாள் என்பதைக் கவனியுங்கள். மூன்றையும் ஒரே நாளில் சந்திப்பவரே மலையில் தடுமாறுவர்.

நாம் எளிய முறையில் இதைத் தொடங்கலாம். மாடிப்படி போதும். ஒரு மாடி மூன்று மீட்டர் என்றால், மூன்று மாடிக் கட்டடத்தில் ஐம்பது முறை ஏறி இறங்குபவர் 450 மீட்டர் மலை ஏறியவர் ஆவார். முதல் வாரம் வெறுங்கையுடன் பத்து முறை ஏறுக. பின்னர் எண்ணிக்கையைக் கூட்டுக. அதன்பின் பள்ளிப்பையில் நீர்ப்புட்டிகளை வைத்துச் சுமையைக் கூட்டுக. ஏறும்போது முழு வாக்கியம் ஒன்றைத் தடையின்றிச் சொல்ல முடிந்தால் வேகம் சரி; சொல் பாதியில் முறிந்தால் வேகம் மிகுதி. இறங்கும் பயிற்சியைப் பலர் மறந்துவிடுகின்றனர். முழங்கால் வலிப்பது பெரும்பாலும் இறக்கத்தில்தான்.

போடியிலிருந்து ஏறிய வழி

மீசைப்புலிமலைத் தொடரின் கிழக்குச் சரிவில் குரங்கணி என்னும் ஊர் உள்ளது. நம் முன்னோர் பலருக்கு அந்த ஊரின் பெயர் தெரிந்திருக்கும். 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். தேயிலைத் தோட்டங்கள் பெருகியபோது, தமிழ்நாட்டுச் சமவெளிகளிலிருந்து தொழிலாளர்கள் அழைத்துவரப்பட்டனர். போடிநாயக்கனூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள் நடந்தே மலையேறினர். பின்னாளில் டாப் ஸ்டேஷனிலிருந்து கோட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகள் இறங்கக் கம்பிவடப் பாதை அமைந்தது. பெட்டிக்கு வடம் இருந்தது, ஆளுக்குக் கால்தான்.

அவர்களும் குழுவாகவே ஏறினர். முன்னே ஒருவர் நடந்தார். அவர் கங்காணி. அவரை வழிகாட்டி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை; முன்பணக் கடன் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தவர் அவர். கம்பளியும் தோல் காலணியும் இன்றி, கைக்குழந்தையுடன் அந்தக் குளிருக்குள் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள் உங்களுள் பலர். இன்று நாம் ஆயத்தம் செய்து ஏறுகிறோம் என்றால், ஆயத்தம் செய்யும் வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது என்று பொருள்.

அதே சரிவில், 2018 மார்ச் 11 அன்று, பெருந்துயரம் ஒன்று நிகழ்ந்தது. கொழுக்குமலைக்கு ஏறிச் சென்று குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்கள் சென்ற வழிக்கு உரிய அனுமதி பெறப்படவில்லை என்று அரசு தெரிவித்தது. அவர்களுள் பலர் இளைஞர்கள். மலையை விரும்பிச் சென்றவர்கள். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. ஆனால், அந்த நாளிலிருந்து கற்க வேண்டியவை உண்டு.

மாசி, பங்குனி மாதங்களில் மலைப்புல் ஆளுயரத்துக்கு வளர்ந்து காய்ந்து நிற்கும். தீயின் வெப்பம் மேல்நோக்கி எழுவதால், சரிவில் மேலேயுள்ள புல் தீ வருமுன்பே சூடேறிவிடுகிறது. ஆகவே மலைத்தீ கீழ்நோக்கி வருவதைவிட மேல்நோக்கி மிக விரைவாக ஓடும். ஏறி ஓடும் மனிதரை அது முந்திவிடும். எந்தப் பக்கம் புல்லற்ற பாறை இருக்கிறது, எந்த ஓடையில் நீர் இருக்கிறது, எந்த மாதத்தில் எந்தச் சரிவுக்குப் போகக்கூடாது என்பவை அந்த மண்ணில் நடந்து பழகியவருக்கே தெரியும். அனுமதி என்பது வெறும் முத்திரைத்தாள் என்று எண்ணிவிடக் கூடாது. எத்தனை பேர், எந்த வழியில், எப்போது சென்றனர், எப்போது திரும்ப வேண்டும் என்பதை மலைக்குக் கீழே ஒருவர் அறிந்திருக்கிறார் என்பதே அதன் பொருள். இந்நிகழ்வுக்குப் பின் தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் மலையேற்ற ஒழுங்கு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களில் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் செல்லும் திட்டத்தையும் தொடங்கியது.

உடையும் பையும்

பாலக்காட்டு வெயிலுக்குப் பருத்தியைவிடச் சிறந்த துணி இல்லை. பனிமலையில் அதே பருத்தி பகையாகிவிடும். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நின்று, உடலின் வெப்பத்தை வெளியே இழுத்துவிடும். ஆகவே உடலை ஒட்டி விரைவில் உலரும் மெல்லிய செயற்கை இழை உடை அல்லது கம்பளி உடை, அதன்மேல் வெப்பம் காக்கும் தடித்த கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத மேலங்கி என மூன்று அடுக்குகள் வேண்டும். ஏறும்போது வியர்த்தால் ஓர் அடுக்கைக் கழற்றுக, நின்றவுடன் அணிந்துகொள்க. குளிர் தெரிந்தபின் அணிவது காலம் கடந்த செயல்.

உடல் வெப்பம் இயல்பாக 37 பாகை. அது 35 பாகைக்குக் கீழே சென்றால் ஆபத்து தொடங்குகிறது. முதலில் நடுக்கம், பிறகு விரல்கள் பொத்தானைப் பூட்ட மறுக்கும், சொற்கள் குழறும். நடுங்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று நடுக்கம் நின்று அமைதியாகிவிட்டால், நலமடைந்துவிட்டார் என்று எண்ணாதீர்கள். நிலை முற்றிவிட்டது என்பதே அதன் அறிகுறி. உடனே வழிகாட்டியிடம் கூறி, ஈர உடையை மாற்றி, போர்வையால் சுற்ற வேண்டும். விழுங்கும் நிலையில் இருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுக்கலாம்.

புதிய காலணியை மலையில் முதன்முதலாக அணிபவர் கொப்புளத்துடன் திரும்புவார். ஒரு மாதம் முன்பே அணிந்து நடந்து பழகுக. புறப்படும் முன் கால் நகங்களை வெட்டிக்கொள்க. இறக்கத்தில் விரல்கள் காலணியின் முனையில் இடிக்கும். மீசைப்புலிமலைக்கு இவற்றோடு குடிநீர், தலைவிளக்கு, மழையங்கி, கடலை மிட்டாய், பேரீச்சை ஆகியவை இருந்தால் போதும். எல்பிரஸ் மலைக்குப் பட்டியல் நீளும். பனிக்கட்டியைப் பற்றிக்கொள்ளும் இரும்பு முட்களைக் காலணிக்கு அடியில் பூட்ட வேண்டும். சறுக்கினால் தடுத்து நிறுத்தப் பனிக்கோடரி, குழுவினரை ஒருவரோடொருவர் பிணைக்கும் கயிறு, பக்கங்களும் மூடிய கறுப்புக் கண்ணாடி ஆகியவை வேண்டும். நீர்ப்புட்டியைப் பையில் தலைகீழாக வைப்பது அங்கே வழக்கம். நீர் மேற்பரப்பிலிருந்து உறையத் தொடங்கும், தலைகீழாக வைத்தால் பனிக்கட்டி புட்டியின் அடிப்பக்கத்தில் உருவாகும், வாய் அடைபடாது. யாரோ ஒருவர் தாகத்தோடு நின்று கண்டுபிடித்திருக்க வேண்டும்.

வழிகாட்டியும் குழுவும்

நல்ல வழிகாட்டி மிக மெதுவாக நடப்பவரை வரிசையின் முன்புறத்தில் நிறுத்துவார். அவருடைய நடையே குழுவின் நடை. வரிசையின் இறுதியில் அனுபவமுள்ள ஒருவர் வருவார். அவருக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலைகள் எண்ணப்படும். விரைந்து நடக்கும் மாணவர்களுக்கு இது எரிச்சலூட்டும். மூடுபனி இறங்கி, முன்னால் போனவரின் முதுகு மறையும் வேளையில் அந்த எரிச்சல் அடங்கிவிடும்.

திரும்பும் நேரம் புறப்படுவதற்கு முன்பே குறிக்கப்படும். 'பன்னிரண்டு மணிக்கு எங்கிருந்தாலும் திரும்புவோம்' என்று வழிகாட்டி கூறினால், உச்சி நூறடியில் தெரிந்தாலும் பன்னிரண்டு மணிக்குத் திரும்ப வேண்டும். களைத்த மனம் மலையின்மேல் சரியாகக் கணக்கிடாது. ஆகவேதான் அந்த முடிவைக் கீழே, தெளிவோடு இருக்கும்போதே எடுத்துவிடுகின்றனர்.

புறப்படும் நாளுக்கு முந்தைய மாலையில் வழிகாட்டி ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சில கேள்விகள் கேட்பார். தலை வலிக்கிறதா? உணவு இறங்கியதா? உறங்கினாயா? குமட்டுகிறதா? உயர்ந்த மலையில் இவை நோய் தொடங்குவதன் அறிகுறிகள். கால் தள்ளாடினாலும், ஓய்வாக அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், காத்திருக்காமல் உடனே கீழே இறக்கிவிடுவர். குழுவைவிட்டுத் தன்னை நீக்கிவிடுவார்களோ என்று அஞ்சித் தலைவலியை மறைப்பவர் உண்டு. அவரைத் தாங்கி இறக்க மறுநாள் நால்வர் வேண்டியிருக்கும். அந்த நால்வரும் உச்சியைக் காணமாட்டார்கள். கேள்விகள் முடிந்ததும் பைகள் மீண்டும் ஒருமுறை திறந்து பார்க்கப்படும். தலைவிளக்குகள் எரிகின்றனவா எனச் சோதிக்கப்படும். எல்பிரஸ் குடிலில் நள்ளிரவு கடந்ததும் எழுப்புவார்கள். ஆகையால் எட்டு மணிக்கே விளக்கை அணைத்துவிடுகின்றனர்.

சொல்லும் பொருளும்

கூதிர் – குளிர்காலம். ஐப்பசி, கார்த்திகை மாதங்கள்
அகவை – வயது
உயிர்வளி – மூச்சுக்குத் தேவையான வளி
பாகை – வெப்பநிலையை அளக்கும் அலகு

பயிற்சி

1. பனித்துளி, உறைபனி, மூடுபனி, வெண்பனி ஆகியவற்றுள் நீங்கள் நேரில் கண்டவை எவை? கண்ட இடத்தையும் நேரத்தையும் குறிப்பிட்டு ஐந்து வரிகளில் எழுதுக.

2. உங்கள் ஊரின் உயரத்தைக் கேட்டறிந்து, இன்றைய நண்பகல் வெப்பநிலையைக் கொண்டு ஆனைமுடி உச்சியின் வெப்பநிலையைக் கணக்கிடுக.

3. கங்காணியைக் குறித்துப் பாட ஆசிரியர் கூறும் கருத்தை ஏற்கிறீர்களா? உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் அல்லது அவர்களுடைய முன்னோர் இம்மலைக்கு வந்த வழியைக் கட்டுரையாக எழுதுக.

4. உங்கள் குழு உச்சிக்கு அருகில் இருக்கிறது. திரும்பும் நேரம் வந்துவிட்டது. தொடர்ந்து ஏறலாம் என்னும் நண்பருக்கும் வழிகாட்டிக்கும் இடையே நிகழும் உரையாடலை எழுதி, வகுப்பில் நடித்துக் காட்டுக.